பூஜையில் வைக்காத ரம்பம்

நர்ஸ் நீல மார்க்கர் பேனாவை எடுத்து, என் மகள் நந்தினியின் இடது கணுக்காலுக்கு மேலே, சிவப்பு முடிகிற இடத்தில் ஒரு கோடு வரைந்தார். பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்: 9.40.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"சிவப்பு இதைத் தாண்டுதான்னு பார்க்கணும் சேட்டா," என்றார் அந்த மலையாளி நர்ஸ்.

பதினொன்றரைக்குப் பார்த்தபோது தாண்டியிருந்தது. இரண்டு விரல் மேலே இன்னொரு கோடு போட்டார். மறுநாள் மாலைக்குள் அந்தக் காலில் ஏழு கோடுகள் விழுந்தன. கடைசிக் கோடு முழங்காலுக்கு மேலே இருந்தது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. எப்படி ஆயிற்று என்று கேட்பவர்களிடம் ஆளுக்கு ஓர் அளவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். "காலில் வெட்டுக்காயம், இன்ஃபெக்‌ஷன் ஆகிவிட்டது" என்பேன். அவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. காயம் சின்னதாகவும் வலி பெரிதாகவும் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள் என்று நாலு பேருக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதி முடித்தால் பாதிதான் சொன்னவனாவேன்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. என் தாத்தாவின் அண்ணன் பட்டாளத்தில் டாக்டராக இருந்தவர். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டார். அங்கிருந்து கப்பலில் ஏற்றி ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வருடத்துக்கு மேல் கைதியாக இருந்துகொண்டே மற்றக் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அவரை டாக்டர் தாத்தா என்போம். அவர் கொண்டுவந்த பெட்டிதான் அது.

அதில் நாலு சாமான்கள். ஒன்று, ஸ்டெதாஸ்கோப். அதன் ரப்பர் குழாயில் ஒரு பக்கம் இல்லை. உப்புநீர் ஏற்றுவதற்குக் குழாய் இல்லாததால் அதை அறுத்து எடுத்துக்கொண்டாராம். இரண்டாவது, மூங்கிலைச் சீவிச் செய்த ஊசி. வைக்கோல் தண்டு பருமன்கூட இருக்காது. மூன்றாவது, சாப்பாட்டுக் கரண்டி. பட்டாளத்தில் ஆளுக்கொன்று கொடுப்பார்களே, அந்தக் கரண்டி. அதன் விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கத்தி மாதிரி ஆக்கியிருப்பார். அந்தத் தீவில், சோறில்லாத உடம்புகளில், முள் கீறினாலே புண்ணாகி நாலைந்து நாளில் எலும்பு தெரியுமாம். மருந்து கிடையாது, மயக்கம் கொடுக்க ஒன்றும் கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்ள, இந்தக் கரண்டியால் அழுகினதை எல்லாம் சுரண்டி எடுத்து, சிவந்த சதை தெரிகிற வரைக்கும் போவாராம். "ஒரு கரண்டியை வைச்சுக்கிட்டு எத்தனை காலைக் காப்பாத்தினார்" என்பார் என் அப்பா. நான் கேட்டு வளர்ந்த கதை இதுதான்.

நாலாவது, ஒரு ரம்பம். தச்சர்கள் வைத்திருக்கும் கைரம்பத்தைப் பாதியாக ஒடித்தது. மரப் பிடி. அது பெட்டிக்கு அடியில் ஒரு காக்கித் துணியில் சுற்றிக் கிடக்கும்.

சரஸ்வதி பூஜைக்கு வீட்டில் புத்தகங்களோடு பெட்டிச் சாமான்களையும் வைப்போம். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் அதற்கும் உண்டு. ரம்பத்தை மட்டும் வைப்பதில்லை. சின்ன வயதில் ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "அது வேண்டாம். அது வெட்டினது," என்றார் அப்பா. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. மழுங்கின ஆயுதத்தைத் தேவிக்கு முன்னால் வைக்கக்கூடாது என்று, பூஜைக்கு முதல்நாள் தேங்காயெண்ணெய் விட்டு அந்தக் கரண்டியைச் சாணைக்கல்லில் தீட்டுவோம். அப்பா தீட்டினார், அவருக்குப் பிறகு நான். விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து எடுக்கும்போது, எடுத்த பொருளை ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும். நந்தினி புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பாள். நான் பஜாரில் ஒரு கம்பெனியில் மிளகுக்குத் தரம் பார்க்கிறவன். ஒரு பிடி மிளகை முறத்தில் கொட்டிப் பார்ப்பேன். கரண்டியால் ஒரு நேந்திரங்காயின் தோலைச் சுரண்டுவோம்.

அதனால்தான் எண்பது வருடம் கழித்தும் அந்தக் கரண்டிக்கு அவ்வளவு கூர் இருந்தது.

போன வருடம் விஜயதசமியன்று பெட்டிச் சாமான்கள் இருந்த தட்டைத் தூக்கினவள் நந்தினி. பத்தொன்பது வயது, பி.காம் இரண்டாம் வருடம். பூஜை அறையின் வாசற்படி ஆஞ்சிலி மரத்தில் ஒரு சாண் உயரம். அதைத் தாண்டும்போது தட்டு சரிந்து, கரண்டி நேராக அவள் பாதத்தின் மேல் விழுந்தது. பெருவிரலுக்குப் பின்னால் ஒரு அங்குலக் கீறல். ரத்தம்கூட அதிகம் வரவில்லை. தண்ணீரில் கழுவி, பூஜைத் தட்டிலிருந்த சந்தனத்தையும் மஞ்சளையும் நானே குழைத்து வைத்தேன்.

"டாக்டர் தாத்தாட கரண்டி ஆளைத் தெரிஞ்சுதான் வெட்டியிருக்கு," என்றாள். "ஃபேமிலிக்கு வெளியில போகலை பாருங்க."

நாங்கள் சிரித்தோம். அன்று சாயங்காலம் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அவள் அதில் நடந்துதான் சிநேகிதி வீட்டுக்குப் போய்வந்தாள். கிருமி கரண்டியிலிருந்து போனதா, என் சந்தனத்திலிருந்து போனதா, தெருத் தண்ணீரிலிருந்து போனதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நான் மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் கால் வலிக்கிறது என்றாள். மூன்றாம் நாள் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் டாக்டர் கேட்டார், "எதில் முறிஞ்சது?" மலையாளத்தில் வெட்டுக்காயம்தான் முறிவு.

"ஸ்பூன்."

"ஸ்பூன் கொண்டு ஆருக்கெங்கிலும் கால் முறியுமோ சேட்டா?" என்று சிரித்தார். அது எப்படிப்பட்ட ஸ்பூன் என்று விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. டெட்டனஸ் ஊசியும் மாத்திரைகளும் கொடுத்தார். காயத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் நந்தினி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கீறல் ஆறுகிற மாதிரி இருந்தது; வலி மட்டும் முழங்கால் வரை ஏறியிருந்தது. அந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம் என்று பிறகு சொன்னார்கள். தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாம் நாள் காலையில் பாதம் பளபளவென்று வீங்கி, ஓரிடத்தில் கத்தரிக்காய் நிறமாக இருந்தது. கோமதி, என் மனைவி, அதைப் பார்த்தாள். நேராகக் கீழே போய் ஜப்பாரின் கடைக் கதவைத் தட்டினாள். ஜப்பார் எங்கள் கீழ்வீட்டுக்காரர், அரிசிக் கடை வைத்திருக்கிற ராவுத்தர். ஐந்து நிமிடத்தில் வண்டியை எடுத்தார். பாலம் தாண்டி எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

அங்கேதான் முதல் கோடு போட்டார்கள்.

பார்த்தவர் சர்ஜன் டாக்டர் லிசி. ஐம்பது வயதிருக்கும். குள்ளமான அம்மா, வேகமான மலையாளம். காலை அழுத்திப் பார்த்தார். தோலுக்கு அடியில் ஏதோ நொறுங்குகிற மாதிரி இருந்ததோ என்னவோ, முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் உள்ளங்கையைக் காட்டி விளக்கினார். தோலுக்கும் தசைக்கும் நடுவில் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. இந்தக் கிருமி அந்த உறையைப் பிடித்துக்கொண்டு ஓடும். மேலே தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே செத்துக்கொண்டு வரும். செத்த இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது.

"அப்போ என்ன செய்வீங்க?"

"செத்ததை எடுக்கணும். நல்ல சதை காணும் வரை எடுக்கணும். நாளைக்குத் திறந்து பார்த்து, வேணும்னா திரும்பவும் எடுக்கணும்."

நான் கையெழுத்துப் போட்டேன். தியேட்டர் கதவு திறந்து மூடும்போது, பச்சைத் துணி விரித்த தள்ளுவண்டி ஒன்று உள்ளே போனது. அதில் வரிசையாகக் கருவிகள். ஒன்று நீளக் காம்பும் முனையில் சின்னக் குழியுமாக இருந்தது. கரண்டி. எங்கள் வீட்டுக் கரண்டிக்குத் தங்கை மாதிரி. "அது என்ன?" என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டேன். "க்யூரெட். சுரண்ட," என்றார்.

எனக்கு அப்போது எவ்வளவு தைரியம் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தத் தீவில் மயக்க மருந்துகூட இல்லாமல் கரண்டியால் காப்பாற்றினார். இங்கே எல்லாம் இருக்கிறது, என் மகளின் கால் எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன். காத்திருக்கும் அறையில் கோமதியிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பார் சாயாவும் பன்னும் வாங்கிவந்தார். "அண்ணே, குடிங்க. நீங்க விழுந்தா தூக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன். எனக்கு இடுப்பு வலி வேற." கோமதிக்கும் ஒரு டம்ளரை நீட்டி, "தங்கச்சி, இது சாயா இல்ல, மருந்து," என்றார். அவள் குடித்தாள். நான் இரண்டு பன் சாப்பிட்டேன். அந்த இரண்டு பன்னை என்னால் மறக்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். மூச்சுக் குழாய் போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். கழுத்து நரம்பில் ஒரு குழாய். அதன் வழியாக ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் மருந்து. அந்த மருந்தின் அளவு ஏறினால் நிலைமை மோசம், இறங்கினால் தேவலை என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மகளின் முகத்தைவிட அந்த எந்திரத்தின் எண்ணைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் லிசி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதும் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி மருந்து கூடியிருக்கு. கிட்னி வேலை குறைஞ்சிருக்கு. சிவப்பு கணுக்காலுக்கு மேல நாலு விரல். என் அபிப்பிராயத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும். இன்னைக்கு. இப்போ."

"எடுக்கிறதுன்னா?"

"காலை."

முதலில் கோமதிதான் பேசினாள்.

"எடுத்தா பிள்ளை இருப்பாளா?"

"வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கு. முட்டியும் மிஞ்சும். முட்டி மிஞ்சினா செயற்கைக் கால்ல ஓடக்கூடச் செய்யலாம்."

கோமதி என் பக்கம் திரும்பினாள். "வெட்டச் சொல்லுங்க."

நான் டாக்டரைப் பார்த்தேன். "இன்னொரு தடவை சுரண்டிப் பார்க்கலாமில்லையா? ஒரே ஒரு தடவை?"

"சுரண்டலாம். நான் அதைச் சொல்ல மாட்டேன். நேரம் போகும்."

"செய்திருக்காங்க டாக்டர். எங்க குடும்பத்திலேயே ஒருத்தர்… யுத்தத்தில, ஒரு மருந்தும் இல்லாத இடத்தில, கரண்டியாலேயே தினம் தினம் சுரண்டிக் காலைக் காப்பாத்தியிருக்கார்."

"ஏங்க, என்ன பேசறீங்க?" கோமதி என் கையை விட்டாள். "கரண்டியா இப்போ பெரிசு? எனக்குக் கால் வேண்டாம். ஆள் வேணும். வெட்டச் சொல்லுங்க."

"அவள் எழுந்து என் கால் எங்கேன்னு கேட்டா என்னடி சொல்வே?"

"கேட்கட்டும். கேட்கிறதுக்கு ஆள் இருக்கட்டும்."

டாக்டர் இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று சுரண்டுவதற்கு, ஒன்று எடுப்பதற்கு. "அவளுக்குப் பதினெட்டு கழிஞ்சது. முழிச்சிருந்தா அவள்கிட்டதான் கேட்பேன். முழிச்சில்லை. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் தீர்மானிக்கணும். சுரண்டறதுன்னா சுரண்டறேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள மருந்து கூடினா, பிறகு நான் யாருக்காகவும் நிக்க மாட்டேன்."

நாங்கள் ஒன்றாகத் தீர்மானிக்கவில்லை. நான் முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். கோமதி என்னோடு சண்டை போட்டு மகளின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எழுந்து வெளியே போனாள். இதைப் பின்னால்தான் சொன்னாள். அன்று அவள் போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மிளகுக்குத் தரம் பார்க்கிறவன் சாக்கின் மேல்பகுதியை மட்டும் பார்க்க மாட்டான். குத்தூசியை அடிவரைக்கும் குத்தி எடுத்துப் பார்ப்பான். மேலே நல்ல மணியும் அடியில் பூஞ்சையுமாக வரும் சாக்குகளை முப்பது வருடமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும் அடியில் கையை விட்டதே இல்லை.

பதினொன்றரைக்குச் சுரண்டினார்கள். இரண்டு மணிக்குச் சிவப்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறியிருந்தது. நாலரைக்கு ஏழாவது கோடு. மருந்தின் எண் காலையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. டாக்டர் லிசி நடந்துகொண்டே பேசினார். "முட்டிக்கு மேலே. ஒப்புப் போடுங்க." நானும் கோமதியும் ஒரே தாளில் ஒருவர் கீழ் ஒருவர் கையெழுத்துப் போட்டோம். அவள் கையெழுத்து நேராக இருந்தது.

ஆறே முக்காலுக்கு வெளியே வந்து, "ஆள் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஐ.சி.யூ. பிறகு வார்டு. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தினமும் கட்டு மாற்றும்போது நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். கோமதி தலைமாட்டில் நின்று, மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். ஜப்பாரின் வீட்டிலிருந்து தினம் ஒரு பாத்திரம் கஞ்சி வரும். நாங்கள் சைவம் என்பதால் அவர் மனைவி அதற்கென்று புதுப் பாத்திரம் வாங்கினாராம். அதை அவர் சொல்லவில்லை. பாத்திரத்தின் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது.

நந்தினி முதலில் பேசினபோது கால் எங்கே என்று கேட்கவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். "விரல் அரிக்குது," என்றாள். "இல்லாத விரல். இதென்ன கூத்து?" இல்லாத உறுப்பு வலிப்பதும் அரிப்பதும் உண்டு, மூளை இன்னும் அதை மறக்கவில்லை என்று டாக்டர் விளக்கினார். அவள் தலையாட்டினாள். அழுதது ஒரு வாரம் கழித்து, கல்லூரியிலிருந்து சிநேகிதிகள் வந்துபோன பிறகு.

முழங்கால் விஷயம் அவளுக்குத் தெரியவந்தது பிசியோதெரபி அறையில்தான். முழங்கால் உள்ள ஒரு பையன் செயற்கைக் காலில் படி ஏறினான். அவளுக்கு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கவே வேர்த்தது. "அவனுக்கு முட்டி இருக்கு, மோளே. அது பாக்கியம்," என்றார் தெரபிஸ்ட். அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். கோமதி பொய் சொல்லத் தெரியாதவள்.

நான் சாயா வாங்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தபோது இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பா, காலைலயே எடுத்திருந்தா முட்டி இருந்திருக்குமா?"

"தெரியாதும்மா. டாக்டரும் சொல்ல முடியாதுன்னுதான்…"

"டாக்டர் என்ன சொன்னாங்க? காலைல."

"எடுக்கணும்னாங்க."

"அம்மா?"

"எடுக்கச் சொன்னா."

"நீங்க?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். சொன்னேன். கரண்டியைப் பற்றி டாக்டரிடம் பேசினதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது ஒரு வழி கிடைத்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தப் பெட்டியை நாளைக்கு எடுத்துட்டு வாங்க," என்றாள்.

கொண்டுபோனேன். மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கரண்டியை விளிம்பைத் தொடாமல் காம்பைப் பிடித்து எடுத்தாள். எடுத்துப் போர்வையின் மேல் வைத்தாள். அடியிலிருந்த காக்கித் துணியை அவிழ்த்தாள்.

"இது என்ன?"

"ரம்பம்."

"அது தெரியுது. இதை ஏன் ஒரு தடவைகூட வெளியில வைக்கலை?"

பதில் சொல்வதற்குள் டாக்டர் லிசி ரவுண்ட்ஸுக்கு வந்துவிட்டார். கரண்டியைப் பார்த்ததும் நின்றார். "இதா அந்தக் கரண்டி?" கையில் எடுத்து விளிம்பைப் பார்த்தார். "விவரமுள்ள ஆள். சரியான சாய்வு." பிறகு ரம்பத்தை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் அதன் பற்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது மரத்துக்கான பல் இல்லை. ஒவ்வொண்ணா அராவிச் சின்னதாக்கியிருக்கார். எலும்புக்கு." பிடியைத் திருப்பினார். "கை வைக்கிற இடம் பாருங்க."

மரப் பிடியில் நாலு விரலுக்கும் நாலு பள்ளம் இருந்தது. உள்ளங்கை பதியும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நந்தினி அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை வைத்தாள். பொருந்தவில்லை, அவள் கை சின்னது. பிறகு என்னிடம் நீட்டினாள். எனக்குப் பொருந்தியது.

தச்சனிடம் இருந்தபோதே தேய்ந்திருக்கலாம். கரண்டிக் காம்பில் அப்படி ஒரு தேய்மானமும் இல்லை; உலோகம் மரம் மாதிரித் தேயாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிடியைப் பிடித்திருந்த அந்த ஒரு நிமிடத்தில், எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லாத பாதிக் கதை என் கைக்கு வந்துவிட்டது. கரண்டி போதாத கால்கள் எத்தனையோ இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அவர் சரியான நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இதை எடுத்திருக்க வேண்டும். அவர் ஊருக்குக் கொண்டுவந்தது இரண்டையும். நாங்கள்தான் ஒன்றுக்குச் சந்தனம் வைத்து, மற்றதைத் துணியில் சுற்றினோம்.

"அப்போ எது பயங்கரம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர் லிசி, ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "வெட்டறது இல்லை. எப்போ வெட்டணும்னு தீர்மானிக்கிறது. எனக்கு இத்தனை வருஷம் கழிஞ்சும் அதுதான்." கட்டைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

வீடு திரும்பியபோது நந்தினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினது ஜப்பாரும் அவர் தம்பியும். "அண்ணே, அரிசி மூட்டையை விட லேசு. ஆனா வாய் மட்டும் கனம்," என்றார் ஜப்பார், மூச்சு வாங்கிக்கொண்டு. ஏறின வழியெல்லாம் அவள் அவரை அதட்டிக்கொண்டே வந்திருந்தாள். ஆறு மாதத்தில் செயற்கைக் கால் வந்தது. முட்டி இல்லாததால் இடுப்பிலிருந்து காலை வீசி நடக்க வேண்டும். சமதரையில் நடக்கிறாள். கல்லூரிக்குப் போகிறாள். என்னோடு பேசுகிறாள். பழைய மாதிரியா என்று கேட்டால், இல்லை. முக்கியமான எதையும் இப்போது அம்மாவிடம்தான் முதலில் சொல்கிறாள். எனக்கு அதைக் கேட்க வாயில்லை.

பூஜை அறையின் வாசற்படியில் இரண்டு தடவை விழுந்தாள். ஒரு சாண் உயரத்துக்கு அந்தக் காலை வீசித் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வெளியே நின்றே கும்பிட்டாள்.

இந்த வருடம் பூஜைக்கு முதல்நாள் சாணைக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டியைத் தொட மனம் வரவில்லை. நந்தினி வந்து ரம்பத்தையும் ஒரு சின்ன அரத்தையும் என் முன்னால் வைத்தாள். அரம் ஜப்பாரிடம் வாங்கியதாம். ஒவ்வொரு பல்லாகத் துருவை எடுத்து அராவ எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்று முதல் தடவையாக ரம்பத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கரண்டியைத் தீட்டாமல் வைத்தோம்.

விஜயதசமி காலையில் கோமதி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். நந்தினி வாசற்படிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்தாள். நான் மிளகை முறத்தில் கொட்டினேன். ரம்பம் மட்டும் தட்டில் இருந்தது.

"இதையும் ஒரு தடவை உபயோகிக்கணும் இல்லையா?" என்றாள் நந்தினி.

"எதில்?"

அவள் கையிலிருந்த ஊன்றுகோலால் வாசற்படியைத் தட்டினாள்.

என் தாத்தா வைத்த படி. வெள்ளிக்கிழமைதோறும் கோமதி மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற படி. அதை மிதிக்கக்கூட விடமாட்டாள். குழந்தையாக இருந்தபோது நந்தினி அதன் மேல் உட்கார்ந்ததற்கு முதுகில் வாங்கியிருக்கிறாள். நான் கோமதியைப் பார்த்தேன். அன்று காலை பூஜைக்காகப் பூசின மஞ்சள் படியில் ஈரமாக இருந்தது.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் அவள். "வெட்டுங்க."

தரையில் மண்டியிட்டேன். பிடியின் பள்ளங்களில் விரல்கள் உட்கார்ந்தன. நிலையை ஒட்டி ரம்பத்தை வைத்து இழுத்தேன். எலும்புக்காக அராவிய பல், ஆஞ்சிலியில் மெதுவாகத்தான் இறங்கியது. மஞ்சள் கலந்த மரத்தூள் என் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. பாதியில் கை வலித்து நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க," என்றாள் என் மகள்.

நான் நிறுத்தவில்லை.